தண்டவாளம் போனாலும் நிலம் ஜனங்களுடையது

ரயில் ஓடாத பழைய பாதைகளை மரம் அடர்ந்த நடைவழிகளாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு இன்று பல தேசங்களில் எழுந்திருக்கிறது. நல்ல பேச்சுதான். வெயிலில் வேலை செய்கிறவர்கள் யாரும் நிழல் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நிலம் யாருடைய உழைப்பில் உண்டாயிற்று, இனி யாருக்குப் பயன்படப் போகிறது என்று கேட்காமல் நாம் இதற்குத் தலையாட்ட முடியாது. இந்தக் கேள்விகளைப் புதுக்கோட்டை ஜில்லாவின் அனுபவமே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அறந்தாங்கி ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்று தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் போட்டார்கள். அது பட்டுக்கோட்டையைத் தாண்டி 1903-ல் அறந்தாங்கியை எட்டியது. 1952-ல் காரைக்குடியோடு இணைந்தது. கணக்குப் புத்தகத்தில் வரி கட்டியவர் மிராசுதார். ஆனால் வரிக்கு ஈடான நெல்லை விளைவித்தவர்கள் யார்? சேற்றில் இறங்கிய பண்ணையாளும் குத்தகை விவசாயியும்தான். கூடை கூடையாக மண் சுமந்து கரை எழுப்பியதும் அவர்களைப் போன்ற கூலி ஜனங்களே. ஆகவே இந்தப் பாதையின் ஒவ்வொரு முழ நிலமும் ஜனங்களின் சொத்து.

மீட்டர் கேஜை அகலப்பாதையாக்குவதற்காக 2012-ல் இங்கே ரயில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஆறு ஆண்டுகள் அறந்தாங்கியில் ரயில் சத்தமே இல்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மலிவு டிக்கெட்டில் போய்வந்தவர்கள் பஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள். 2018-ல் காரைக்குடி–பட்டுக்கோட்டை பாதையும், 2019-ல் திருவாரூர் வரையிலான முழுப் பாதையும் திறக்கப்பட்டன. திறந்த லட்சணம் என்ன? லெவல் கிராசிங்குகளுக்கு அப்போது போதிய கேட் கீப்பர்கள் இருக்கவில்லை. ரயிலிலேயே வந்த ஊழியர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடுவார். ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மீண்டும் ஏறுவார். ஏறக்குறைய 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆள் போடாமல் ரயிலை ஊர விட்டால், ஜனங்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். பிறகு "வருமானம் இல்லை" என்று சொல்லிப் பாதையை மூடுவது சுலபம்.

இதில் முதல் பாடம் இருக்கிறது. சத்தம் நின்ற பாதையெல்லாம் செத்த பாதை அல்ல. அந்த ஆறு ஆண்டுகளில் யாராவது அறந்தாங்கிப் பாதையைத் துண்டு போட்டு மனையாக விற்றிருந்தால், பிறகு ரயில் எந்த வழியாக வந்திருக்கும்? 1898-ல் திறந்து 1980-களில் நிறுத்தப்பட்ட பேரளம்–காரைக்கால் பாதையிலும் மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நிலம் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் மாயவரம்–தரங்கம்பாடி பாதையைப் பாருங்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக 1926-ல் ஓடத் தொடங்கிய ரயில் 1986-ல் நின்றது. மீண்டும் ரயில் விடு என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் பாதைக்குத்தான் பசுமை வழி பொருந்தும். ஜனங்கள் தினமும் நடக்கிற வழியை எவனும் வேலி போட்டு வளைத்துவிட முடியாது. அமெரிக்காவில் 1983-ல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். கைவிடப்பட்ட ரயில் பாதையைத் துண்டாக்காமல் நடைவழியாக வைத்துக்கொள்ளலாம். தேவை வந்தால் மறுபடியும் ரயில் விடலாம் என்பது அதன் சாரம். இன்றைக்கு நடைவழி, நாளைக்கு ரயில், எந்நாளும் பொதுநிலம்!

சிங்கப்பூரில் 2011-ல் மலேயா ரயில் நின்ற பிறகு, 24 கிலோமீட்டர் பாதையைப் பசுமை வழியாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். மலேயா ரயில் பாதைகளைப் போட்டதில் கப்பலேறிப் போன நம் தமிழ்க் கூலிகளின் வியர்வை உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

எச்சரிக்கைக்கும் உதாரணம் இருக்கிறது. நியூயார்க் நகரில் 1980-ல் கைவிடப்பட்ட உயரப் பாதை ஒன்றை 2009-ல் பூங்காவாகத் திறந்தார்கள். உலகமே புகழ்ந்தது. சுற்றிலும் நில விலையும் வாடகையும் ஏறின. பணக்காரர் மாளிகைகள் முளைத்தன. பக்கத்துக் குடியிருப்புகளின் ஏழைகளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்கத் தவறிவிட்டோம் என்று அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே 2017-ல் ஒப்புக்கொண்டார். மரம் வளர்ந்தது, ஏழைக்கு வாடகையும் வளர்ந்தது. அந்தப் பசுமை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டிய பசுமை எது? 2018 நவம்பரில் கஜா புயல் இந்த ஜில்லாவில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தைலமரக் காடுகள் தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று புதுக்கோட்டை விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆகவே பாதையோரம் நட வேண்டியவை தைலமரமும் கருவேலமும் அல்ல. வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, பனை. இங்கே கண்மாய்கள்தான் விவசாயத்தின் உயிர். ரயில் கரையின் அடியில் உள்ள பாலங்களும் மதகுகளும் தூர்ந்தால் மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகாது. முதல் மரம் நடுவதற்கு முன்பே தண்ணீர் வழி திறந்திருக்க வேண்டும்.

எனவே நாம் கோருவது:

1. ரயில் விட முடிந்த எந்தப் பாதையும் பூங்கா என்ற பெயரில் மூடப்படக் கூடாது. ஓடுகிற பாதைகளில் போதிய கேட் கீப்பர்களை நியமிக்க வேண்டும்.

2. கைவிடப்பட்ட பாதையில் ஒரு சென்ட் நிலம்கூடத் தனியாருக்கு விற்கப்படக் கூடாது.

3. அங்கே குடிசை போட்டிருப்பவர்களை விரட்டக் கூடாது. பக்கத்திலேயே மனையும் பட்டாவும் தந்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

4. மண் வேலையும் மரம் வளர்ப்பும் காண்டிராக்டர் கைக்குப் போகக் கூடாது. உள்ளூர் விவசாயத் தொழிலாளருக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலியில் தர வேண்டும்.

5. வழியில் நுழையக் கட்டணம் கூடாது. மரத்தின் காயும் கனியும் புல்லும் ஊர் ஜனங்களுக்கே சேர வேண்டும்.

தோழர்களே! இவை ரயில்வே ஆபீஸில் தானாக முடிவாகிவிடாது. கிராம சபையில் எழுந்து பேசுங்கள்; தீர்மானம் நிறைவேற்றுங்கள். எங்கெங்கே பாதை கிடக்கிறது, எவ்வளவு நிலம், யார் வளைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுங்கள். ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளியும், களையெடுத்துத் திரும்பும் பெண்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் பயமின்றி நடக்கும் வழி வேண்டும். மண் சுமந்தது நாம். நிழலில் நடக்க வேண்டியவர்களும் நாமே!