பட்டுக்கு வெண்ணெய், பாலியஸ்டருக்குச் சுண்ணாம்பு

நாலு ஸ்வெட்டர். நாலும் பின்னலாடை, நாலும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறது. பட்டு ஸ்வெட்டருக்கு இறக்குமதி வரி 0.9 சதவீதம். முழுக்க காஷ்மீர் ஆட்டு ரோமம் என்றால் 4 சதவீதம். சாதாரணக் கம்பளிக்கு 16 சதவீதம். அக்ரிலிக்குக்கு? 32 சதவீதம்!

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. தனி ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு அமெரிக்கச் சுங்க அட்டவணை போட்டிருக்கும் அடிப்படை வரியே இப்படித்தான். பணக்காரர் போடும் சட்டைக்கு வெண்ணெய், தினக்கூலி போடும் சட்டைக்குச் சுண்ணாம்பு. ஆடம்பரத்துக்கு அதிக வரி, அத்தியாவசியத்துக்குக் குறைந்த வரி என்றுதான் பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். இந்த அட்டவணையை எழுதியவர்கள் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தார்கள் போல.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1988 முதல் உலக நாடுகள் பொருட்களை வகைப்படுத்த ஹார்மனைஸ்டு சிஸ்டம் என்ற ஒரே எண் முறையைப் பயன்படுத்துகின்றன. 61-ஆம் அத்தியாயம் பின்னலாடை, 62-ஆம் அத்தியாயம் நெய்த துணியில் தைத்த ஆடை. முதல் ஆறு இலக்கம் எல்லோருக்கும் பொது, இந்தியாவுக்கும் அதேதான். அதற்கு மேல் எத்தனை இலக்கம், எவ்வளவு வரி என்பது அந்தந்த நாட்டின் முடிவு. ஆக, எண் முறை மேல் குற்றம் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு வரி ஒட்டியவர்கள் மேல்தான் குற்றம்.

டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32 சதவீதம். கலப்புத் துணி என்றால்? எந்த இழை எடையில் அதிகமோ அதுதான் கணக்கு. இரண்டும் சரிபாதி என்றால், அட்டவணையில் கடைசியாக வரும் இழையின் பெயரில் போகும். பருத்தி 52-ஆம் அத்தியாயம், செயற்கை இழை 54, 55. எனவே 50-50 சட்டை செயற்கை இழைச் சட்டை. 51 சதவீதம் பருத்தி போட்டால் பருத்திச் சட்டை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து டாலர் டி-ஷர்ட்டுக்கு ஒரு வகையில் வரி 82.5 சென்ட், இன்னொரு வகையில் 1 டாலர் 60 சென்ட். ஒரு லட்சம் சட்டைக்கு வித்தியாசம் 77,500 டாலர். நூலில் ஒரே ஒரு சதவீதம் மாறியதற்கு! இது வரிக் கொள்கையா, லாட்டரியா?

ஆண் ஆடை, பெண் ஆடை பிரிக்கும் அழகு இன்னொரு பக்கம். முன்பக்கம் இடது மடிப்பு வலதின் மேல் வந்தால் ஆண், வலது மடிப்பு இடதின் மேல் வந்தால் பெண். எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பெண் பிரிவில் போடு என்கிறது விதி. வரியும் பல இடங்களில் ஆளுக்கு ஒன்று. தோல் கையுறையில் ஒரு வகைக்கு ஆணுக்கு 14 சதவீதம், மற்றவர்களுக்கு 12.6. டோட்ஸ்-ஐசோடோனர் நிறுவனம் இது பாரபட்சம் என்று வழக்குப் போட்டு 2008-இல் தோற்றது, 2010-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வரி வேறாக இருப்பது மட்டும் போதாது, பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கையுறையில் அடி ஆண்களுக்கு. ஆனால் மொத்த ஆடைக் கணக்கில் அடி பெண்களுக்குத்தான். அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் 2018-இல் எழுதிய ஆய்வுத்தாள் அதைத்தான் சொல்கிறது. பெண்கள் அதிகம் வாங்குவது ஒரு காரணம், ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வரி விகிதமே அதிகமாக இருப்பதால் வருகிறது.

இந்தக் குழப்பத்தில் லாபம் யாருக்கு? வக்கீல்களுக்கு. கை வைத்த போர்வையான ஸ்னக்கி, போர்வையா உடுப்பா என்று அமெரிக்க அரசும் இறக்குமதியாளரும் கோர்ட் படியேறினார்கள். போர்வை என்றால் 8.5 சதவீதம், உடுப்பு என்றால் 14.9. 2017-இல் நீதிமன்றம் போர்வை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்து கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம். மெலிதாக, ஒப்புக்குத் தைத்த வேஷ உடைகள் பண்டிகைப் பொருள், வரியே கிடையாது என்று 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2019-இல், நன்றாகத் தைத்த சான்டா உடை சாதாரண ஆடைதான் என்றது. மேல்சட்டைக்கு 32 சதவீதம்! மட்டமாகத் தைத்தால் வரி இல்லை, ஒழுங்காகத் தைத்தால் தண்டம். தையல்காரருக்கு இதைவிட நல்ல புத்திமதி சொல்ல முடியுமா?

"உள்நாட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றத்தான் இந்த வரி" என்பார்கள். யாரைக் காப்பாற்றினார்கள்? வரியும் இருந்தது, 1974 முதல் 2004 முடிய கோட்டாவும் இருந்தது. அப்படியும் அமெரிக்கர்கள் உடுத்துவதில் பெரும்பகுதி இன்று இறக்குமதிதான். தொழிற்சாலை போய்விட்டது, வரி மட்டும் நிற்கிறது. அதைக் கட்டுவது மலிவு விலைக் கடையில் பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கும் அமெரிக்கத் தாய். பில்லில் தனியாக அச்சடிப்பதில்லை, எனவே அவருக்குத் தெரியாது.

"அரசுக்கு வருமானம் வேண்டாமா?" வேண்டும். ஆடை எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் வைத்து அதே வருமானத்தை எடுக்கலாமே! பட்டுக்குக் கொஞ்சம் ஏறும், பாலியஸ்டருக்குக் கொஞ்சம் இறங்கும். எண்களை ஒழிக்க வேண்டியதில்லை, புள்ளிவிவரத்துக்கு அவை தேவை. இழை, பொத்தான், பாக்கெட் எல்லாம் பதிவாகட்டும். வரி மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

இது வாஷிங்டன் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் திருப்பூரை நினைத்துப் பார்க்கவும். 2025 ஆகஸ்டில் டிரம்ப் இந்தியப் பொருட்கள் மேல் போட்ட கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது எல்லா டிவியிலும் விவாதம் நடந்தது. நியாயம்தான். ஆனால் அது இந்த அடிப்படை வரிக்கு மேல் போட்டது. அடிப்படை வரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதிரடி வரிகள் பேச்சுவார்த்தையில் ஏறும், இறங்கும். அட்டவணைக்குள் அச்சாகி உட்கார்ந்திருக்கும் 16.5-ம் 32-ம் அப்படியே இருக்கும். திருப்பூர்க்காரர் பருத்தியை விட்டு செயற்கை இழைக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது முதலில் எதிரே நிற்பது இந்த இரண்டு எண்கள்தான்.

அடுத்த முறை வர்த்தக ஒப்பந்தம் என்று பேச உட்காரும்போது இந்தியத் தரப்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி சின்னது: பட்டுக்கு 0.9, அக்ரிலிக்குக்கு 32, ஏன்? இதற்கு நியாயமான பதில் சொல்ல அமெரிக்கத் தரப்பில் ஒருவராலும் முடியாது.