கணிதம் கற்பித்தலும் பெற்றார் துணையும்

நமது கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில், பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் கல்லூரிக்கு யாது செய்யலாம் என்னும் பேச்சே மேலோங்கி நிற்கின்றது. புதிய மண்டபம் வேண்டும் என்பார் சிலர்; நுழைவாயிலுக்கு வளைவு வேண்டும் என்பார் வேறு சிலர். இவை வேண்டாதன என்று யான் கூறவில்லை. ஆயினும், நெடுங்காலம் கணித ஆசிரியனாகக் கரும்பலகை முன் நின்றவன் என்னும் உரிமையோடு, கல்லாலும் சீமெந்தாலும் நிறைவுசெய்ய இயலாத ஒரு தேவையை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவருந்தோறும் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. ஏனைய பாடங்களில் நன்கு சித்தியெய்திய பிள்ளை, கணிதம் ஒன்றினால் உயர்தர வகுப்பின் வாயிலிலே தடைப்பட்டு நிற்கிறான். அவனை மந்தன் என்கிறோம், சோம்பேறி என்கிறோம், அல்லது இன்னுமொரு தனியார் வகுப்புக்கு அனுப்பிவைக்கிறோம். எனது கருத்து வேறு. அப்பிள்ளை கணிதத்தை இழந்தது பரீட்சை மண்டபத்தில் அன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், ‘ஏன்?’ என்று அவன் கேட்ட வினாவுக்கு விடை கிடையாத ஒரு நாளிலேயே அவன் அதனை இழந்துவிட்டான்.

இதனை யான் பிறர்மேற் பழியாகக் கூறவில்லை. என் குற்றத்தையே கூறுகின்றேன். ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஒரு பாடசாலையிற் பின்னங்களின் வகுத்தலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக’ என்று விதியை எழுதினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஏன் சேர் தலைகீழாக்க வேணும்?” என்றான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் இருக்கவில்லை. “சொன்னதைச் செய்” என்று அமர்த்தினேன். அவன் பின்னர் என் வகுப்பில் எந்த வினாவையும் கேட்டிலன். ஈற்றிற் கணிதத்திற் சித்தியெய்தாமலே பாடசாலையை விட்டு நீங்கினான்.

அவ்வினாவுக்கு விடை அரியதன்று. வீட்டிலே ஒன்றேமுக்காற் கொத்து அரிசி இருக்கின்றது. நாளொன்றுக்கு அரைக் கொத்து வேண்டும். எத்தனை நாளைக்குப் போதும்? ஒரு கொத்தில் இரண்டு அரைக் கொத்து உண்டு. ஆகவே ஒன்றேமுக்காற் கொத்தில் அதன் இருமடங்கு, அதாவது மூன்றரை அரைக் கொத்து உண்டு. மூன்று நாட் சமைத்தபின் எஞ்சுவது காற் கொத்து. அதுவோ ஒரு நாளைத் தேவையின் பாதி. எனவே விடை மூன்றரை நாள். அரையால் வகுத்தல் ஏன் இரண்டாற் பெருக்கலாகின்றது என்பதை அரிசிப் பானையே காட்டிவிடுகின்றது. யான் பட்டம் பெற்றிருந்தேன், உயர்கணிதம் கற்றிருந்தேன், இவ்வரிசிப் பானையை மட்டும் அறிந்திலேன்.

இக்குறை எனக்கு மாத்திரம் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். லிப்பிங் மா என்னும் அறிஞர் 1999இல் வெளியிட்ட நூலில், 23 அமெரிக்க ஆசிரியரிடமும் 72 சீன ஆசிரியரிடமும் இதே கணக்கைக் கொடுத்து ஆராய்ந்த செய்தி வருகின்றது. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்குமாறு கேட்கப்பட்டபோது சீன ஆசிரியர் அனைவரும் சரியாகச் செய்தனர். அமெரிக்க ஆசிரியரில் அரைவாசிக்கும் குறைவானோரே சரியான விடை கண்டனர். இதற்கு ஒரு கதைக்கணக்கு அமைக்குமாறு கேட்டபோது, அமெரிக்க ஆசிரியர் பலர் அரையால் வகுத்தலை இரண்டால் வகுத்தலோடு மயங்கினர். பட்டமும் பல்கலைக்கழகப் படிப்பும் மிகுதியாக உடையோர் அமெரிக்க ஆசிரியரே. கணிதத்தை அறிதல் வேறு, அதனைப் பிள்ளைக்கு விளங்கவைக்க வேண்டிய வகையில் அறிதல் வேறு என்பது இதனாற் பெறப்படும். லீ ஷூல்மன் என்பார் 1986இலேயே இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்.

ஆகவே ஆசிரியர் பயிற்சி என்பது சான்றிதழோடு முடிவதொன்றாகாது. நமது நாட்டிற் கல்வியியற் கல்லூரிகள் மூன்றாண்டுப் பயிற்சி அளிக்கின்றன. பட்டதாரி ஆசிரியரோ பெரும்பாலும் நியமனம் பெற்ற பின்னரே பட்டப்பின் கல்வி டிப்புளோமாவைக் கற்கின்றனர். இடையிடையே செயலமர்வுகளும் நடைபெறுகின்றன. இவை யாவும் நன்றே. எனினும், செயலமர்விற் கேட்டதை மறுநாள் வகுப்பறையில் தனியே நின்று செய்யவேண்டிய ஆசிரியனுக்குத் துணை யார்? யப்பான் நாட்டு ஆசிரியர் கையாளும் முறை இதற்கு நல்ல வழிகாட்டி. ஒரு பாடசாலையின் ஆசிரியர் பலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க ஏனையோர் வகுப்பின் ஓரத்தில் நின்று பிள்ளைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் எனக் குறித்துக்கொள்வர். பின்னர் ஒருங்கிருந்து ஆராய்ந்து பாடத்தைத் திருத்துவர். அங்கே ஆராயப்படுவது பாடமேயன்றி ஆசிரியன் அல்லன். அதனால் நாணமும் அச்சமும் நீங்குகின்றன.

இனிப் பெற்றாரைப் பற்றிச் சில கூறவேண்டும். மேற்சொன்ன மாணவனின் தந்தையார் ஒரு தோட்டக்காரர். முன்னேற்ற அறிக்கை பெற வந்தவர், “எனக்குக் கணக்கு ஓடாது, மாஸ்ரர். இவனுக்கும் என்ரை தலைதான்” என்றார். யானும் தலையசைத்தேன். அவரே சிறிது நேரத்தின்பின் தம் பங்குக் கிணற்றைப் பற்றிப் பேசலானார். எட்டிலொரு பங்கு தமக்குச் சொந்தமென்றும், மைத்துனருக்கிருந்த காற்பங்கிற் பாதியைத் தாம் வாங்கியதால் இப்போது தமக்கு மொத்தம் காற்பங்கு என்றும், எட்டு நாளைக்கொருமுறை கிடைத்த தண்ணீர் இனி நாலு நாளைக்கொருமுறை கிடைக்குமென்றும் கூறினார். காலின் பாதி அரைக்கால் என்பதும், அரைக்காலும் அரைக்காலும் கால் என்பதும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதே வாரத்தில் அவர் மகன் அதே கணக்கை என் வகுப்பிற் பிழையாகச் செய்திருந்தான்! கணக்கு ஓடாது என்று தந்தை சொன்னதை மகன் நம்பினான், யானும் நம்பினேன், தந்தையும் நம்பினார். மூவரும் ஏமாந்தோம்.

பெற்றாரின் அச்சம் பிள்ளையைப் பற்றும் என்பது வெறும் ஊகமன்று. 2015இற் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவொன்று, கணிதத்துக்கு அஞ்சும் பெற்றார் வீட்டுவேலையில் அடிக்கடி உதவும்போது அவர்தம் இளம்பிள்ளைகள் அவ்வாண்டிற் கணிதத்தைக் குறைவாகவே கற்றனர் எனக் காட்டுகின்றது. ஆதலால் பெற்றார் வீட்டில் இரண்டாவது கணித ஆசிரியராக மாறவேண்டியதில்லை. பயிற்சிக் கொப்பியைப் பறித்துத் திருத்தவும் வேண்டியதில்லை. காணி உறுதியிற் பரப்பும் பங்கும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்று காட்டலாம். 16 பரப்பு ஓர் ஏக்கராகும் என்று சொல்லி அளக்கவிடலாம். சந்தையில் மிச்சக் காசைக் கணக்கிடச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எனக்குக் கணக்கு வராது’ என்னும் சொல்லைப் பிள்ளையின் செவிப்படச் சொல்லாதிருக்கலாம். முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் முந்திரி என்று பெயரிட்டு வழங்கியது நம் தமிழ். அம்மொழி பேசும் வீட்டில் அச்சொல் பொருந்துமா?

இவ்வாறு கூறுவதால் மனனஞ் செய்தலை யான் இகழ்வதாக எவரும் கொள்ளற்க. வாய்பாடு நாவில் நில்லாத பிள்ளை நெடுங்கணக்கில் இடறுவான் என்பதைக் கண்கூடாகக் கண்டவன் யான். பண்டை எண்சுவடிப் பயிற்சிக்கும் உரிய இடம் உண்டு. விதியும் வேண்டும், விதியின் காரணமும் வேண்டும் என்பதே என் வாதம்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் அதிபர் அவர்களுக்கும் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, கணித ஆசிரியர் அனைவரும் கூடியிருந்து பாடங்களை ஆராய்வதற்கு வாரத்தில் ஒரு பாடவேளை நேரசூசியில் ஒதுக்கப்படுக. நம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆரம்பப் பாடசாலைகளின் ஆசிரியரும் அதற்கு அழைக்கப்படுக. பின்னம் தொடங்குவது அவர்கள் கையிலன்றோ! இரண்டாவது, தவணைக்கொருமுறை பெற்றார் மாலை ஒன்று நிகழ்க. அங்கே புள்ளிகள் வாசிக்கப்படாமல், பெற்றாரும் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து ஒரு கணக்கை ஆராய்க. மூன்றாவது, நில அளவையாளராகவும் கணக்காளராகவும் தச்சராகவும் தோட்டக்காரராகவும் விளங்கும் பழைய மாணவர், ஆண்டில் ஒருமுறையேனும் வகுப்பறைக்கு வந்து, தாம் தொழிலிற் கையாளும் கணக்கைச் செய்துகாட்டுக.

இவற்றுக்கு வேண்டும் பணம் ஒரு வளைவுக்கு ஆகும் செலவினும் மிகக் குறைவு. வேண்டியது நேரமும், தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் மனமுமே. அன்று பின்வாங்கில் எழுந்து நின்ற அம்மாணவனுக்கு யான் கடன்பட்டவன். அக்கடனை அவனுக்கு இனித் திருப்பிக் கொடுத்தல் இயலாது. நாளை நம் கல்லூரியில் வேறொரு மாணவன் எழுந்து “ஏன் சேர்?” என்று கேட்கும்போது, விடை கூறவல்ல ஆசிரியர் ஒருவர் அவன்முன் நிற்பாராயின், என் கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.

வாழ்க கல்லூரி! வளர்க அதன் பணி!