கையொப்பமிடும் கருவிக்கு எது தெரிய வேண்டும்?

கிரிப்டோ நாணயங்களின் பாதுகாப்பு குறித்த பேச்சு பெரும்பாலும் மறைச்சாவியைச் சுற்றியே நடக்கிறது. பணத்தைச் செலவிடும் அதிகாரத்தைத் தரும் அந்த இரகசிய எண்ணை, இணையத் தொடர்பே இல்லாத, வன்பொருள் வாலட் எனப்படும் தனிக்கருவியில் வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், எதில் கையொப்பமிட வேண்டும் என்று அக்கருவிக்குச் சொல்வது இணையத்தோடு இணைந்திருக்கும் மற்றொரு கணினிதான். இரண்டுக்கும் இடையே பரிவர்த்தனை எந்த வடிவத்தில் எழுதி அனுப்பப்பட வேண்டும் என்பதை வகுப்பது குறியாக்கத் தரநிலை. அனுப்பும் கணினி பொய் சொன்னால் அதைக் கருவியால் கண்டுபிடிக்க முடியுமா என்பதையும் அதுவே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. இத்தரநிலைகளை, வெவ்வேறு நிறுவனங்களின் வாலட்டுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான வசதியாக மட்டும் மதிப்பிடுவது இக்காரணத்தால் போதாது.

பிட்காயின் பரிவர்த்தனையின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். பிட்காயினில் கணக்கு இருப்பு என ஒன்று பதிவாவதில்லை. முன்பு ஒருவருக்கு வந்துசேர்ந்து இன்னும் செலவிடப்படாமல் இருக்கும் தொகைகளே அவருடைய உடைமை. புதிய பரிவர்த்தனை அவற்றை உள்ளீடுகளாகக் குறிப்பிடும்போது, ஒவ்வொரு தொகையும் வந்த பழைய பரிவர்த்தனையின் 32 பைட் அடையாளத்தையும், அதற்குள் அத்தொகையின் வரிசை எண்ணையும் எழுதுகிறதே தவிர, தொகை எவ்வளவு என்பதை எழுதுவதில்லை. வெளியீடுகளின் தொகைகள் மட்டுமே எழுதப்படுகின்றன. உள்ளீடுகளின் கூட்டுத்தொகையிலிருந்து வெளியீடுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் எஞ்சுவது முழுவதும், பரிவர்த்தனையைப் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் சேர்ப்பவருக்குக் கட்டணமாகப் போய்விடும். ஆகவே, பிளாக்செயினைப் பார்க்க வழியற்ற கருவியிடம் வெறும் பரிவர்த்தனையைக் கொடுத்தால், கட்டணம் எவ்வளவு என்பதைக்கூட அதனால் கணக்கிட முடியாது. செலுத்தியதுபோக மீதித்தொகை திரும்புவதற்கென வெளியீடுகளுள் ஒன்றில் எழுதப்படும் முகவரி உரிமையாளருடையதா, திருடனுடையதா என்பதும் அதற்குத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப நெடுங்காலம் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருந்தது. ஆர்மரி என்ற வாலட்டை உருவாக்கிய ஆலன் ரைனர், 2011இலேயே பிப் 10 என்ற முன்மொழிவை வைத்தார். பிப் என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவுகளின் வரிசைப்பெயர். பிப் 10 பொது வழக்காகவில்லை. 2017இல் ஏவா சௌ முன்வைத்த பிப் 174தான் நிலைபெற்றது. பகுதியளவு கையொப்பமிடப்பட்ட பிட்காயின் பரிவர்த்தனை என்று பொருள்படும் பெயரின் சுருக்கமாக, அது வகுத்த வடிவம் பிஎஸ்பிடி என அழைக்கப்படுகிறது. 2018 அக்டோபரில் வெளியான பிட்காயின் கோர் 0.17 பதிப்பு அதை ஏற்றது. இவ்வடிவத்தில் பரிவர்த்தனையோடு, உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் உரிய துணைத் தகவல்கள் பெயரும் மதிப்புமான இணைகளாகத் தொடுக்கப்படுகின்றன. பழைய பரிவர்த்தனை முழுவதுமே அத்தகவல்களுள் ஒன்றாக உடன் வருவதுதான் இதன் சிறப்பு. பழைய பரிவர்த்தனையின் பைட்டுகளை ஹேஷ் என்னும் கணிதச் சுருக்கத்துக்கு உட்படுத்தினால் அந்த 32 பைட் அடையாளம் கிடைக்க வேண்டும் என்பதால், கருவி அதைத் தானே கணக்கிட்டு ஒப்பிட்டுவிட்டு, உள்ளீட்டின் தொகையை ஐயமின்றி அறிந்துகொள்கிறது. மீதித்தொகைக்குரிய சாவி மூலச்சாவியிலிருந்து எந்தப் பாதையில் பிறந்தது என்ற குறிப்பும் உடன் வருவதால், அச்சாவியைத் தானே மறுபடி உருவாக்கிப் பார்த்து, முகவரி தன்னுடையதுதானா என்று கருவியால் உறுதிசெய்ய முடிகிறது. அனுப்பியவரின் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. அவர் உடன் அனுப்பும் சான்றுக்கே மதிப்பு. கிரிப்டோ உலகின் அண்மைக்கால ஆக்கங்களுள் பெரிதும் போற்றத்தக்கது இது என்று கூறுவது மிகையாகாது.

சான்றின் அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பிட்காயின் வரலாறே காட்டியது. 2017 ஆகஸ்டில் செயலுக்கு வந்த செக்விட் மாற்றத்தின்படி, கையொப்பமிடப்படும் ஒவ்வோர் உள்ளீட்டின் தொகையும் அக்கையொப்பத்தின் கணக்கீட்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. தொகையைப் பொய்யாகச் சொன்னால் கையொப்பம் செல்லாது என்பதால், பழைய பரிவர்த்தனையை முழுமையாக அனுப்பத் தேவையில்லை, தொகையைச் சொன்னாலே போதும் என்று பல கருவிகள் கருதின. அக்கருத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவரிடம் 15 பிட்காயின், 20 பிட்காயின் என இரு உள்ளீடுகள் இருக்க, அவர் 20 பிட்காயினைச் செலுத்துவதாகக் கொள்வோம். தீய மென்பொருள் முதலில் 15 என்பதை உண்மையாகச் சொல்லி, மற்றதை 5.0001 என்று பொய் சொல்கிறது. திரையில் கட்டணம் 0.0001 என்றே தெரிவதால் உரிமையாளர் ஒப்புகிறார். பிறகு ஏதோ பிழை என்று காரணம் காட்டி மறுமுறை கையொப்பம் கேட்கும்போது, முதல் உள்ளீட்டை 0.0001 என்று பொய்யாகவும் இரண்டாவதை 20 என்று உண்மையாகவும் சொல்கிறது; திரையில் அதே கட்டணம்தான் தெரிகிறது. ஒவ்வொரு முறையும், உண்மை சொல்லப்பட்ட உள்ளீட்டின் கையொப்பம் செல்லுபடியாகும் என்பதால், அவ்விரண்டையும் எடுத்துச் சேர்த்தால் 15 பிட்காயின் கட்டணமாகப் போகும் பரிவர்த்தனை உருவாகிவிடும். 2020இல் இது வெளிப்பட்டபின் ட்ரெசார் முதலிய கருவிகள், செக்விட் உள்ளீடுகளுக்கும் பழைய பரிவர்த்தனையை முழுமையாகக் கேட்கத் தொடங்கின. அதுவரை ஒழுங்காக இயங்கிவந்த சில மென்பொருள்கள் அதனால் தடைபட்டபோது எழுந்த முணுமுணுப்பு புரிந்துகொள்ளத்தக்கதே எனினும், செய்யப்பட்ட தேர்வு சரியானது. 2021 நவம்பரில் செயலுக்கு வந்த டேப்ரூட், எல்லா உள்ளீடுகளின் தொகைகளையும் ஒவ்வொரு கையொப்பத்துக்குள்ளும் கொண்டுவந்து இவ்வோட்டையை வேரிலேயே அடைத்தது.

இத்தகவல்களைக் கருவிக்குள் கொண்டுசேர்க்கும் வழி பற்றிய சர்ச்சை, ஒப்பீட்டளவில் சிறியது. கம்பித் தொடர்பே வேண்டாதவர்கள் கேமரா வழியாக கியூஆர் குறியீடுகளைக் காட்டிப் பரிமாறுகிறார்கள். மிகப் பெரிய கியூஆர் குறியீட்டிலும் 2,953 பைட்டுகளே அடங்கும் என்பதால், நீளமான பரிவர்த்தனை பல குறியீடுகளாகப் பிரிந்து திரையில் மாறிமாறி ஓட வேண்டியிருக்கிறது. பிளாக்செயின் காமன்ஸ் அமைப்பு வகுத்த யுஆர் வடிவமும், காயின்கைட் நிறுவனத்தின் பிபிகியூஆர் வடிவமும் இதற்கு இருவேறு தீர்வுகளைத் தருகின்றன. முன்னதில், தவறவிட்ட ஒரு குறிப்பிட்ட துண்டுக்காகக் காத்திராமல், போதிய துண்டுகள் எவை கிடைத்தாலும் முழுமையை மீட்டெடுக்க முடியும். பின்னது தகவலைச் சுருக்கி அனுப்புவதில் கவனம் செலுத்துகிறது. உறைக்குள் இருப்பது அதே பிஎஸ்பிடியாக இருக்கும்வரை, உறைகள் இரண்டாக இருப்பதால் பெரிய கேடில்லை.

உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. மற்றொரு கிரிப்டோ வலையமைப்பான எதீரியத்தில், பரிவர்த்தனை பெரும்பாலும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்னும் தானியங்கு நிரலுக்கு இடப்படும் கட்டளை. அது பொருள் விளங்காத பைட்டுகளின் தொடராகவே கருவியை அடைகிறது. 2017இல் முன்வைக்கப்பட்ட எதீரியம் மேம்பாட்டு முன்மொழிவான இஐபி 712, தகவல்களைப் பெயரிட்ட பகுதிகளாக அடுக்கி மனிதர் படிக்க வழிசெய்தது என்றாலும், அப்பகுதிகளுள் ஒன்று மேலும் பைட்டுகளாகவே இருந்துவிட்டால் பயன் அத்தோடு நின்றுவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒரு பத்திரத்தை வேறெதையோ போலப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் பரிமாற்றகம் 23 கோடி டாலருக்கும் மேல் இழந்தபோது, திரையில் தெரிந்ததும் உண்மையில் கையொப்பமானதும் வெவ்வேறு என்று அந்நிறுவனம் தெரிவித்தது. காப்பகச் சேவை வழங்கிய நிறுவனமோ தன் கட்டமைப்பு ஊடுருவப்படவில்லை என்றது. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்த நிகழ்வில், வலைத்தளத் திரை வழக்கமான பணமாற்றத்தைக் காட்டிக்கொண்டிருக்க, கருவிக்குச் சென்ற தகவலில் செயல்வகையைக் குறிக்கும் எண் 0க்குப் பதில் 1 என்று மாற்றப்பட்டிருந்தது. அந்த 1, வேறொரு நிரலைத் தன் உரிமையோடு இயக்க வாலட்டுக்கு இசைவளிக்கும் எண். சாவிகள் திருடு போகாமலேயே, உரியவர்களின் கையொப்பத்தோடு பணம் போயிற்று.

இதற்குத் தீர்வாக, வன்பொருள் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனம் 2024இல் முன்வைத்த இஆர்சி 7730 என்ற எதீரியம் தரநிலை, ஒவ்வொரு ஸ்மார்ட் கான்ட்ராக்டின் கட்டளைகளையும் எப்படிப் படித்துக் காட்டுவது என்ற விளக்கக் கோப்புகளைத் தொகுக்கிறது. இது வரவேற்கத்தக்கது என்றாலும், பழைய பரிவர்த்தனையின் ஹேஷைப் போல அவ்விளக்கத்தைக் கணிதத்தால் மட்டும் சரிபார்த்துவிட முடியாது. விளக்கத்தை எழுதியவரையும் தொகுப்பைப் பராமரிப்பவரையும் நம்பியாக வேண்டியிருக்கிறது. எனவே, பிறர் பணத்தைக் காக்கும் பரிமாற்றகங்களைத் தணிக்கை செய்வோர், சாவிகள் எங்கே உள்ளன, எத்தனை பேர் கையொப்பமிடுகிறார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கையொப்பக் கருவியும் தனக்கு வந்த தகவலில் எவற்றைத் தானே சரிபார்த்தது, எவற்றைப் பிறர் சொல் கேட்டு ஏற்றது, அந்தச் சொல்லை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.