யாருடைய பட்டம்?

பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் 1992ஆம் ஆண்டுப் பருவம் சில்வர்ஸ்டோனின் இறுதிப் பந்தயத்தில்தான் முடிவாயிற்று. பட்டத்திற்கு டிம் ஹார்வி, ஜான் கிளேலாண்ட், வில் ஹோய் என மூவர். ஹார்வியைப் போலவே பிஎம்டபிள்யூ ஓட்டிய ஸ்டீவ் சோப்பரும் வாக்ஸால் ஓட்டிய கிளேலாண்டும் மோதிக்கொண்டு வெளியேற, பட்டம் ஹார்விக்குப் போயிற்று. தெருவில் ஓடும் கார்களின் சாயல் கொண்ட வண்டிகள் கதவோடு கதவு உரசுவதுதானே இப்பந்தயத்தின் சுவை என்பார்கள். நமக்கும் அது உவப்பானதே. சோப்பர் வேண்டுமென்றே இடித்தாரா என்ற வழக்கிலும் நாம் இறங்கவில்லை. ஆண்டு முழுதும் சேர்த்த புள்ளிகள் ஹார்வியுடையவை. ஆனால் தனியொருவருக்குரிய பட்டத்திற்கு இரண்டு கார்கள் உழைக்கலாம் என்றால், துணையின்றி வருபவர் யாரோடு போட்டியிடுகிறார்? கிளேலாண்ட் 1995இல் மீண்டும் பட்டம் வென்றார். அதைவிட இந்தத் தோல்வியே அதிகம் பேசப்படுகிறது.