ஒன்றே கால் மணியும் ஐந்தரை மணியும்

ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாகத் தூரம் சுமார் 510 கிலோ மீட்டர். விமானம் ஒன்றே கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. ரயில் பாதையோ விஜயவாடாவைச் சுற்றிக்கொண்டு சுமார் 790 கிலோ மீட்டர். மாலையில் கிளம்பும் சார்மினார் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில்தான் சென்னையைச் சேர்கிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், ரயிலில் போகிறவர் விவரம் தெரியாதவர் என்றே தோன்றும்.

ஆனால் பிரயாணம் வீட்டு வாசலில் ஆரம்பித்து வீட்டு வாசலில் முடிகிறது. 2008 மார்ச் வரை விமான நிலையம் இரட்டை நகரங்களின் நடுவே பேகம்பேட்டையில் இருந்தது. பிறகு ஷம்ஷாபாத்துக்குப் போனது. பெருகிவந்த போக்குவரத்துக்கு அந்த மாற்றம் அவசியமே. என்றாலும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வசிக்கும் செகந்திராபாத், திருமலகிரி, மல்காஜ்கிரி பகுதிகளிலிருந்து அங்கே போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். நெரிசலில் அதற்கு ஒன்றரை மணி. பெட்டியை ஒப்படைக்கவும் சோதனைக்கு நிற்கவும் இன்னொரு ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு சேர ஒன்றே கால் மணி. ஆக மொத்தம் ஐந்தரை மணி. அதில் வானத்தில் பறப்பது கால் பங்குகூட இல்லை.

அப்படியும் ஐந்தரை மணி பெரிய சௌகரியம்தான். ஊரில் தகப்பனார் காலமானார் என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்தால், மாலை ரயில் போயிருக்கும். விடியற்காலை விமானமே கதி. ஆனால் கடைசி நேரத்தில்தான் டிக்கெட் விலை உச்சத்தில் நிற்கிறது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது. தட்கல் முதல் நாள் திறக்கிறது. சாவுச் செய்தி முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. கையில் பணமில்லாத தொழிலாளி முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் நேரத்துக்குப் போய்ச் சேர்வானா என்பது அவன் சம்பளத்தைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

1874-ல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாம் ரயில் வந்தது. அன்று முதல் இந்த ஊர்த் தமிழர்களுக்குச் சொந்த ஊரோடு உறவு ரயிலால்தான் நிலைத்து வந்திருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. சென்னையில் 2016-லேயே மெட்ரோ ரயில் விமான நிலையத்தை எட்டிவிட்டது. இங்கே 2017-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியும் ஷம்ஷாபாத்துக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பாதையைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் திருப்பதிக்கு வந்தே பாரத் ரயில் சுமார் எட்டரை மணியில் போகிறது. அதே வேகம் சென்னைப் பயணிகளுக்கும் கிடைக்க வேண்டும். இரவு ரயில்களில் சாதாரணப் பெட்டிகளை அதிகரிக்க வேண்டும். பொங்கல், தீபாவளி சிறப்பு ரயில்களைக் கடைசி வாரத்தில் அறிவிக்காமல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அவசரப் பயணிகளிடம் வசூலிக்கும் விமானக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு தேவை.

இரு நகரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை எந்தச் சர்க்காராலும் குறைக்க முடியாது. நேரத்தையும் செலவையும் குறைக்க முடியும். மாநில அரசும் ரயில்வே நிர்வாகமும் இதைக் கவனித்து ஆவன செய்ய வேண்டும்.