நிவாரண வரிசையில் ஒரு படம்

"சாமி, அரிசி குடுத்தீங்க, சந்தோசம். புள்ளய ஏன் படம் புடிச்சீங்க?"

தெல்தெனியப் பக்கத்துத் தகப்பன் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. அவருடைய வீடும் மிளகுத் தோட்டமும் மண்ணுக்குள் போயின. தற்காலிகமாகத் தங்கியிருந்த இடத்தில் உலர் உணவுப் பொதிகள் கொடுத்தபோது, அவரது பதினைந்து வயது மகன் இரு கைகளையும் நீட்டிப் பொதியை வாங்கினான். உதவ வந்தவர்களுள் ஒருவர் அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டார். நாமும் பக்கத்தில்தான் நின்றோம், தடுக்கவில்லை. பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டுமே என்ற நினைப்பு. பாடசாலை மீண்டும் திறந்தபோது அந்தப் படம் வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது, கூடவே ஒரு பட்டப்பெயரும். பையன் வகுப்புக்குப் போக மறுத்துவிட்டான்.

சமூக ஊடகங்களால் இளையோர் தம்மைத் தாமே மட்டமாக எண்ணுகிறார்கள் என்று கூட்டங்களில் பேசும்போதெல்லாம் நாம் பிள்ளைகளையே கூண்டில் ஏற்றுகிறோம். எந்நேரமும் போன், எந்நேரமும் டிக்டொக் என்கிறோம். கூண்டில் ஏறவேண்டிய பெரியவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த நிறுவனங்கள். பிள்ளையின் கண் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறதோ அவ்வளவுக்கு அவர்கள் விளம்பரம் விற்கலாம்; அவர்களுடைய அறுவடை அதுதான். பேஸ்புக் 2009இல் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்தபின் ஒரு பிள்ளையை எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும் எண்ணாகிவிட்டது. 2021இல் பிரான்சஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனக்குறைபட்ட பதின்வயதுப் பெண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 32 பேர், இன்ஸ்டகிராம் அந்தக் குறையை இன்னும் கூட்டியது என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வின் பொருளைத் திரித்துவிட்டார்கள் என்று நிறுவனம் மறுத்தது. முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் 'பில்டர்' இன்று ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. வெயிலில் நின்று கொழுந்து பறித்தும் களை பிடுங்கியும் கறுத்த முகம் திருத்தப்படவேண்டிய பிழை என்பதை எமது பெண்பிள்ளைகளுக்கு அது நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறது. (சிவப்பழகு கிறீம் விற்றவர்கள் இதை முன்னரே தொடங்கிவிட்டார்கள் என்பதும் உண்மைதான்.)

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள தொல்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொன்றும் சேர்கிறது. ஊரில் இருந்தபோது அவனை அறிந்தவர்கள் இருந்தார்கள். இன்னாரின் மகன், மரமேறி மிளகு பறிக்கக் கெட்டிக்காரன், மாடு கன்று போட்டால் கூப்பிடவேண்டியவன் என்று பத்து வீட்டுக்காவது அவனைத் தெரியும். மண் சரிந்தபோது அந்தப் பத்து வீடுகளும் பத்துத் திசைக்குப் போய்விட்டன. புதிய இடத்தில் அவன் 'முகாம் பையன்'. அவனுடைய திறமைக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாத அந்த வெற்றிடத்தில்தான் போன் வந்து உட்காருகிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் பழைய தெல்தெனிய நீரில் மூழ்கியபோதும் மக்கள் பெயர்ந்தார்கள், அழுதார்கள். ஆனால் அவர்கள் கையேந்தி நின்றதை மறுநாளே வகுப்பறையில் எவரும் காட்டிச் சிரிக்கவில்லை.

போனைப் பறித்துவிடலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் இத்தகைய கணக்குகள் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. எமது வீடுகளில் போன் தகப்பன் பெயரில் இருக்கிறது. கொவிட் காலத்திலிருந்து பாடமும் அதில்தான் வருகிறது. சிதறிய உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்பதையும் பலர் அதில்தான் அறிந்தார்கள். பறிப்பது எமக்குச் சரியாகப் படவில்லை. இரவில் அதைத் தாயின் தலைமாட்டில் வைப்பது முடியக்கூடிய காரியம். பிள்ளையைப் புதிய இடத்தில் வேலைக்குரியவனாக நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவது அதைவிட முக்கியம். பதியன் வைக்கத் தெரிந்த பிள்ளையிடம் அக்கம்பக்கத்தார் வந்து கேட்கட்டும்.

ஆனால் பெற்றோருக்குப் புத்தி சொல்லுமுன் உதவி செய்கிற நாம் திருந்தவேண்டும். பொதி வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுப்பதில்லை என்று எமது பணியாளர்களோடு முடிவு செய்திருக்கிறோம். கணக்குக்குப் பற்றுச்சீட்டும் கையெழுத்தும் போதும். படம் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தப் பணம் இல்லாமலே இம்முறை விதை வாங்கினோம், கொஞ்சம் குறைவாக. வாசகர்களே, உங்கள் பிள்ளையின் முன்னால் எவராவது கமராவைத் தூக்கினால், அது நாமாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகப் பொதி மறுக்கப்பட்டால் எமக்கு அறிவியுங்கள்.

அந்தப் படத்தை நீக்கும்படி கேட்டோம், நீக்கினார்கள். வகுப்புப் பிள்ளைகளின் போன்களில் கிடந்த பிரதிகளை எவராலும் நீக்க முடியவில்லை. தகப்பனும் நாமும் அதிபரோடு பேசியபின் பையன் பாடசாலைக்குத் திரும்பியிருக்கிறான், வேறு வகுப்புக்கு.