விருந்தாளி கண்ட கண்டி

வேலூரில் கல்லூரி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற நண்பரொருவர் அண்மையில் முதன்முறையாக இலங்கைக்கு வந்திருந்தார். கண்டி நகரையும், அங்கிருந்து மகியங்கனை வீதியிலுள்ள எனது ஊரான தெல்தெனியவையும் பார்க்க வேண்டுமென்பது அவரது விருப்பம். இரண்டு நாட்கள் அவருடன் சுற்றினேன். வழிகாட்டியாகச் சென்ற நான் எங்கே தவறினேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கண்டியில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை பாராட்டல்ல. "கோயில் நகரத்துக்கு வருகிறேன் என்று நினைத்தேன். பெரிய பஸ் நிலையத்துக்கல்லவா வந்திருக்கிறேன்" என்றார். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி பஸ்களும் வான்களும் முச்சக்கரவண்டிகளும் நெருக்கியடித்து நின்றன. நாற்புறமும் மலைகள் சூழ்ந்த நகரம் ஆகையால் வாகனப் புகை இலகுவில் வெளியேறுவதில்லை. நண்பர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பாடசாலை விடும் நேரம் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். உண்மையில் எந்த நேரத்திலும் அப்படித்தான். 1988 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமை நகராக அறிவித்த ஊரில் நடந்து செல்பவருக்கு நடைபாதை போதவில்லை என்பது நாம் வெட்கப்பட வேண்டிய விடயமே.

ஆனால் சற்று நேரத்தில் அவர் வேறொன்றைக் கண்டார். மஞ்சள் கடவையில் ஒரு மூதாட்டி கால் வைத்ததும் பஸ்ஸொன்று நின்றது. பின்னால் வந்த வாகனங்களும் நின்றன. நண்பரால் நம்ப முடியவில்லை. தாமும் ஒருமுறை கடந்து, மீண்டும் இப்பக்கம் வந்து, "எங்கள் ஊரில் சாலையைக் கடக்குமுன் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டும்" என்று சிரித்தார். முப்பது வருடங்களாக அக்கடவையால் நடந்து திரியும் எனக்கு அது ஒருநாளும் செய்தியாகத் தோன்றியதில்லை. முதன்முறை வருபவனின் கண் நம்முடைய அழுக்கையும் காண்கிறது, நாம் மறந்துவிட்ட நல்லதையும் காண்கிறது.

ஏரிக்கரையில் அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். வயலாகக் கிடந்த இடத்தில் அந்த ஏரியை அமைத்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815 இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832 இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலுள்ள அவனது கல்லறையைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் நண்பர். "முடிவைப் பார்த்த நான் இன்றுதான் தொடக்கத்தைப் பார்க்கிறேன்" என்றார்.

தலதா மாளிகை வாசலில் எங்களைச் சோதனையிட்டார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டார். "பாதுகாப்புக்காக" என்று மட்டும் சொன்னேன். 1998 ஜனவரி 25 ஆம் திகதி அந்த வாசலில் விடுதலைப் புலிகள் குண்டு வெடிக்க வைத்ததையும், பலர் உயிரிழந்ததையும் சொல்லவில்லை.

மறுநாள் தெல்தெனியவுக்குப் போனோம். விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கண்டதும் "எவ்வளவு அழகான ஏரி!" என்று படமெடுக்கத் தொடங்கினார். நான் பிறந்த பழைய தெல்தெனிய அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறது. மகாவலி கங்கையை மறித்து 122 மீற்றர் உயரத்தில் கட்டப்பட்ட அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. அதனால் நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. எங்களுக்கு மேட்டில் புதிய நகரம் கிடைத்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். அன்று நீர் நிறைந்திருந்தது. நானும் "ஆம், அழகுதான்" என்றேன்.

பின்னர் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் ஒரே மேசைகளில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு ஒற்றுமை!" என்று வியந்தார். அவர் கண்டது பொய்யல்ல. ஆனால் 2018 மார்ச்சில், தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி உயிரிழந்ததையடுத்து, இதே பகுதியிலும் திகனயிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதையும் நான் சொல்லவில்லை. வீட்டுச் சண்டையை விருந்தாளியிடம் சொல்வதா என்ற கூச்சம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தக் கடையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது இப்போதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது" என்றார்.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். உல்லாசப் பயணிகளில் பலர் கண்டிக்கு ஒதுக்குவது ஒரே நாள். மாளிகை, பேராதனைப் பூங்கா, மாலையில் கண்டிய நடனம், மறுநாள் நுவரெலியா. நெரிசலான நகரம், அழகான ஏரி, அன்பான மக்கள் என்று மூன்று வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாம் காட்டுவதைத்தானே அவர்கள் காண முடியும்? குண்டு வெடித்த வாசலையும், மூழ்கிய ஊரையும், எரிந்த கடையையும் மறைப்பது விருந்தோம்பல் என்று நாம் எண்ணுகிறோம். அதனால் நமது பிள்ளைகளும் அவற்றை அறியாமல் வளர்கிறார்கள். விருந்தாளிக்குச் சொல்லப் பழகாததை நாம் வீட்டிலும் சொல்வதில்லை.

இது பயணிகளைப் பயமுறுத்தி வருமானத்தைக் கெடுக்கும் என்று சிலர் கூறலாம். எனது அனுபவம் அதற்கு மாறானது. துயரத்தை அறிந்துகொண்ட விருந்தாளி ஓடிவிடவில்லை. அடுத்த வருடம் மனைவியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது சுற்றுலாவை நீர்த்தேக்கக் கரையிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் வீடு இருந்த திசையைக் கையால் காட்டிவிட்டு, அதன்பிறகு படமெடுக்கச் சொல்வேன்.